முற்றிய இதயச் செயலிழப்பில் இரத்தப் பரிசோதனைகள் எதைச் சொல்கின்றன

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய வாப்பாவுக்கு 62 வயது. சில ஆண்டுகளுக்கு முன் வந்த மாரடைப்புக்குப் பிறகு இதயம் தளர்ந்துகொண்டே வந்து, இப்போது இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் 20 சதவீதம் என்று எக்கோ அறிக்கை சொல்கிறது. இந்த ஆண்டில் இரண்டு தடவை மூச்சுத்திணறலோடு வாட்டில் அனுமதிக்கப்பட்டிருக்கிறார். கடைசி அனுமதியின்போது ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் எடுத்த, இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனை, மில்லிலீற்றருக்கு 8,400 பிக்கோகிராம் என்று வந்திருக்கிறது. அந்த எண்ணைக் கைப்பேசியில் தேடியபோது, இவ்வளவு உயர்ந்திருந்தால் ஓராண்டுதான் என்று ஓரிடத்தில் படித்திருக்கிறார். அது உண்மையா, எஸ்டி2, கலெக்டின்-3 போன்ற புதிய பரிசோதனைகளைக் கொழும்பில் செய்வித்தால் இன்னும் திருத்தமாகத் தெரியுமா, வீட்டார் இனி என்ன செய்ய வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

மட்டக்களப்பில் மருத்துவ ஆய்வுகூடப் பணியில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் இதற்கு விடை எழுதுகிறேன். தம்பி, 8,400 என்பது அபாயம் அதிகம் என்று சொல்லும் எண்தான். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து உங்கள் வாப்பாவின் ஆயுளை மாதக் கணக்கில் யாராலும் சொல்ல முடியாது. அவருடைய கிளினிக் கொப்பிக்குள் ஏற்கெனவே கிடக்கும் சோடியம், யூரியா, கிரியாட்டினின், அல்புமின், ஹீமோகுளோபின் முதலிய சாதாரண அறிக்கைகளை நாள்வரிசையில் அடுக்கி, அந்த எண்ணோடு சேர்த்து வாசித்தால், கொழும்புக்கு அனுப்பும் எந்தப் புதிய பரிசோதனையையும்விட அதிகமாகத் தெரியவரும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை விளக்குகிறேன்.

என்டி-புரோபிஎன்பி எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1988 ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையிலிருந்து பிஎன்பி என்ற சிறிய புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் அது பெரும்பாலும் இதயத்தின் கீழறைத் தசையிலேயே உண்டாகிறது என்பது தெளிந்தது. கீழறைக்குள் அழுத்தம் கூடி அதன் சுவர் இழுபடும்போது, தசைக் கலங்கள் 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு முன்னோடிப் புரதத்தை உண்டாக்குகின்றன. அது இரண்டாக வெட்டுண்டு, 32 அமினோ அமிலங்கள் கொண்ட பிஎன்பியாகவும், 76 கொண்ட என்டி-புரோபிஎன்பியாகவும் இரத்தத்தில் கலக்கிறது. பிஎன்பி உப்பையும் நீரையும் சிறுநீரோடு வெளியேற்றி, இரத்தக் குழாய்களைத் தளர்த்தி, இதயத்தின் சுமையைக் குறைக்க முயல்கிறது. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 20 நிமிடங்கள். மற்றத் துண்டுக்கு உடலில் குறிப்பிட்ட வேலை இல்லை. ஆனால் அது கூடுதலான நேரம் தங்குவதாலும், அறை வெப்பநிலையில் எளிதில் சிதையாததாலும் அளப்பதற்கு வசதியானது. அக்கரைப்பற்றில் எடுத்த இரத்தம் கொழும்புக்குப் போய்ச் சேர்வதற்குள் பிஎன்பி குறைந்துவிடக்கூடும். என்டி-புரோபிஎன்பி அந்தப் பயணத்தைத் தாங்கும். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு தடவை இதையும் மறு தடவை அதையும் எடுத்து, கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடுவது தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

இந்த எண்ணுக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு என்பதில் ஐயமில்லை. கிளாஸ்கோவில் மாற்று இதயச் சிகிச்சைக்கு மதிப்பீடு செய்யப்பட்ட முற்றிய நோயாளிகள் 142 பேரில் செய்யப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வில், இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் திறனின் சதவீதத்தைவிட என்டி-புரோபிஎன்பியே மரண அபாயத்தை நன்றாகப் பிரித்துக் காட்டியது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2005 இல் வெளியான ஒரு மீளாய்வு, பிஎன்பி மில்லிலீற்றருக்கு 100 பிக்கோகிராம் கூடும்போதெல்லாம் ஒப்பீட்டு மரண அபாயம் 35 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டது. ஒப்பீட்டு அபாயம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எண் குறைந்த ஒரு கூட்டத்தையும் எண் கூடிய ஒரு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவது கூட்டத்தில் இறப்புகள் அதிகம் என்பதே அதன் பொருள். அந்தக் கூட்டத்துக்குள் சில வாரங்களில் இறந்தவரும் உண்டு, பல ஆண்டுகள் வாழ்ந்தவரும் உண்டு. உங்கள் வாப்பா அவர்களுள் எவர் என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை. கைப்பேசியில் நீங்கள் படித்த “ஓராண்டு” என்பது எங்கோ ஒரு கூட்டத்தின் நடுப்புள்ளி. அதைத் தனி ஒருவரின் தவணையாக எடுத்துக்கொள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்து, 8,400 எப்போது எடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். மூச்சுத்திணறலோடு வாட்டுக்கு வந்த அன்று எடுத்த எண், நுரையீரலிலும் காலிலும் நீர் நிறைந்திருந்த நிலையைத்தான் பிரதானமாகக் காட்டும். ஊசி மருந்தால் நீர் இறங்கி, வீட்டுக்கு அனுப்பும் நாளில் எடுக்கும் எண்ணே எதிர்காலத்தைப் பற்றி அதிகம் பேசும். இங்கினியாகலைக் குளத்தின் நீர்மட்டக் கம்பத்தை மாரி மழை கொட்டும் ஒரு நாளில் மட்டும் பார்த்துவிட்டு, வான்கதவு திறந்திருக்கிறதா, மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று விசாரிக்காமல் வயலுக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது, இதுவும் அப்படித்தான். அனுமதியின்போது இருந்ததிலிருந்து வெளியேறும்போது 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்கள், குறையாதவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 8,400 ஆக வந்து 4,000 ஆக வீடு திரும்பியவரும், 8,400 ஆக வந்து 8,000 ஆக வீடு திரும்பியவரும் ஒரே அபாயத்தில் இருப்பவர்கள் அல்லர். உங்கள் கடிதத்தில் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. ஆகவே இன்னொரு பரிசோதனைக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால், நீர் இறங்கி உடல் நிலைப்பட்ட பிறகு, அதே ஆய்வுகூடத்தில், அதே பரிசோதனையை ஒரு தடவை செய்வியுங்கள். எஸ்டி2, கலெக்டின்-3 இரண்டையும்விட அது பயனுள்ளது. நிலையாக இருக்கும் நோயாளியிலும் இந்த எண் கிழமைக்குக் கிழமை ஓரளவு ஏறி இறங்கும் என்பதால், சிறிய வேறுபாடுகளைக் கண்டு மகிழவோ கலங்கவோ வேண்டாம்.

எண்ணை உயர்த்துவதும் தாழ்த்துவதும் இதயம் மட்டும் அல்ல. சிறுநீரகம் பழுதடைந்தால் என்டி-புரோபிஎன்பி வெளியேறாமல் தேங்கி உயரும். வயது கூடக் கூட உயரும். நாடித்துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் ஏட்ரியல் பிப்ரிலேஷன் இருந்தால் உயரும். கிருமித்தொற்று கடுமையாக இருந்தாலும் உயரும். உடல் பருமனானவர்களில், நோய் அதே அளவில் இருந்தாலும், குறைவாகவே காட்டும். நீரிழிவும் சிறுநீரக நோயும் சேர்ந்து வரும் நோயாளிகள் நமது பகுதியில் குறைவில்லை. அவர்களின் அறிக்கையில் இந்த எண்ணை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். சக்குபிட்ரில்–வல்சார்ட்டன் என்ற கூட்டு மருந்தைப் பாவிப்பவர்களுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. அந்த மருந்து பிஎன்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், நோய் குறைந்துவரும்போதும் பிஎன்பி உயர்ந்து காட்டலாம். என்டி-புரோபிஎன்பி அந்த நொதியால் சிதைவதில்லை, ஆகவே அவர்களுக்கு அதுவே பொருத்தமானது. முடி உதிர்வுக்கென்று அதிக அளவில் பயோட்டின் குளிசை எடுப்பவர்களில், சில கருவிகளில், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரொபோனின் போன்ற பரிசோதனைகள் பொய்யாகக் குறைந்து வரக்கூடும். வாப்பா அப்படி ஏதேனும் எடுக்கிறாரென்றால், இரத்தம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இனி, எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்தச் சாதாரண அறிக்கைகளுக்கு வருகிறேன். என் பார்வையில் இந்த விடயத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது.

சோடியம். 1986 இல் நியூயோர்க்கில் லீ, பெக்கர் என்னும் இரண்டு வைத்தியர்கள், கடுமையான இதயச் செயலிழப்புள்ள 203 நோயாளிகளின் முப்பது வகை அளவீடுகளை ஆராய்ந்து, அவற்றுள் எது மரணத்தை மிக வலுவாக முன்னறிவிக்கிறது என்று பார்த்தார்கள். விலையுயர்ந்த எதுவும் முதலிடத்துக்கு வரவில்லை. இரத்தச் சோடியமே வந்தது. சோடியம் குறைந்தவர்களின் நடு ஆயுள், அதாவது பாதிப்பேர் உயிரோடு கடந்த காலம், 164 நாட்கள், இயல்பாக இருந்தவர்களுக்கு 373 நாட்கள். ஆனால் அந்த ஆய்வின் அடுத்த முடிவையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சோடியம் குறைந்தவர்களுக்குள்ளேயே, இரத்தக் குழாய்களை இறுக்கும் அஞ்சியோடென்சினின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து பெற்றவர்கள் நடுவாக 232 நாட்கள் வாழ்ந்தார்கள். அந்த வழியில் தலையிடாத வேறு மருந்துகளைப் பெற்றவர்கள் 108 நாட்கள். இரு சாராரின் சோடியமும் குறைவுதான். சிகிச்சை மாறியபோது ஆயுள் இரட்டிப்புக்கு மேலாயிற்று. முன்னறிவிப்பு எண்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த முடிவு. இந்த மருந்துகள் இன்று நமது அரச கிளினிக்குகளில் சாதாரணமாக எழுதப்படுபவை. பீட்டா தடுப்பு மருந்துகளும், ஸ்பைரோனோலக்டோனும், நீரிழிவுக்கென்று வந்து பின்னர் இதயத்துக்கும் உதவும் என்று நிறுவப்பட்ட டபாகிளிப்லோசின் வகை மருந்துகளும் அந்த ஆய்வின் காலத்தில் இந்த நோய்க்கு இன்றுபோல் பாவனையில் இருக்கவில்லை. 1999 இல் வெளியான, 1,663 நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வு, கடுமையான நிலையில் இருந்தவர்களில் ஸ்பைரோனோலக்டோன் மரணத்தை 30 சதவீதம் குறைத்ததைக் காட்டியது. ஆகவே 1980களின் நாட்கணக்கை இன்றைய நோயாளிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. சோடியம் குறைவது கெட்ட அடையாளம் என்ற உண்மை மட்டும் இன்றும் நிற்கிறது.

சோடியம் குறைவைப் பற்றி நமது வீடுகளில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. “உப்புக் குறைந்துவிட்டது” என்று வைத்தியர் சொன்னதும், கஞ்சியில் உப்பைக் கூட்டுவதும், கருவாடு பொரித்துக் கொடுப்பதும், ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டன. முற்றிய இதயச் செயலிழப்பில் உடலிலுள்ள மொத்த உப்பு பெரும்பாலும் குறைவதில்லை, கூடித்தான் இருக்கும். அதைவிட அதிகமாக நீர் தேங்கி, இரத்தத்திலுள்ள உப்பின் செறிவைக் குறைத்துவிடுகிறது. அந்த நிலையில் உப்பைக் கொடுத்தால் தாகம் கூடி, மேலும் நீர் தேங்கி, மூச்சுத்திணறல் திரும்பும். சிறுநீர் போகச் செய்யும் குளிசைகள் அளவுக்கு மிஞ்சியும் சோடியம் குறையலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையும் சேர்ந்து உடல் வறண்டுபோவதும் உண்டு. எது காரணம் என்பதை நோயாளியைச் சோதித்துப் பார்க்கும் வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். வீட்டிலிருந்தபடி உப்பால் அதற்குப் பரிகாரம் தேடாதீர்கள்.

யூரியாவும் கிரியாட்டினினும். அமெரிக்க வைத்தியசாலைகளின் பெரிய பதிவேடொன்றை ஆராய்ந்து 2005 இல் வெளியிட்ட கணக்கில், அனுமதியின்போது எடுக்கும் யூரியா நைதரசன், இரத்த அழுத்தத்தின் மேல் எண், கிரியாட்டினின் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு, வாட்டிலேயே இறக்கும் வாய்ப்பு 2.1 சதவீதமாக இருந்த கூட்டத்தையும் 21.9 சதவீதமாக இருந்த கூட்டத்தையும் பிரித்துக் காட்ட முடிந்தது. இவற்றுள் முதலிடம் யூரியாவுக்கே. இதயம் போதிய இரத்தத்தை அனுப்பாதபோது சிறுநீரகம் நீரையும் யூரியாவையும் சேர்த்துப் பிடித்துவைப்பதால், யூரியா உயர்வு சிறுநீரகத்தின் நிலையோடு இதயத்தின் நிலையையும் வெளிக்காட்டுகிறது. மருந்தின் அளவைக் கூட்டியதும் கிரியாட்டினின் சற்று ஏறுவது வேறு விடயம். அதைக் கண்டு பயந்து மருந்தைத் தாமாக நிறுத்துபவர்கள் பலர், அதனால் கெட்டுப்போனவர்களும் பலர். பொட்டாசியத்தையும் இதே அறிக்கையில் பார்க்க வேண்டும். பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் ஸ்பைரோனோலக்டோனை எடுக்கும் ஒருவர் நாளுக்குப் பல இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். எதிர்பாராமல் உயர்ந்த பொட்டாசியம் வந்தால், ஊசி குத்தும்போது குருதிக் கலங்கள் உடைந்ததாலோ மாதிரி நீண்ட நேரம் காத்திருந்ததாலோ பொய்யாக உயர்ந்ததா என்று ஆய்வுகூடத்தில் கேட்பது முறையே. வேண்டுமானால் உடனே புதிதாக எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அதைக் காரணம் காட்டி வைத்தியரிடம் போவதைத் தாமதிக்கக் கூடாது.

அல்புமின். முற்றிய இதயச் செயலிழப்புள்ள 1,726 பேரைக் கொண்டு 2008 இல் வெளியான ஓர் ஆய்வில், இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம் டெசிலீற்றருக்கு 3.4 கிராம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்களில் ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 66 சதவீதம். அதற்கு மேல் இருந்தவர்களில் 83 சதவீதம். சில ஆய்வுகூடங்கள் இதே அளவை லீற்றருக்கு 34 கிராம் என்று எழுதும். அலகைப் பார்த்து வாசியுங்கள். பசியின்மை, குடலில் நீர் தேங்கி உணவு சரியாக உறிஞ்சப்படாமை, ஈரலில் இரத்தத் தேக்கம், நீண்டகால அழற்சி ஆகிய எல்லாவற்றின் தடமும் இந்த ஒரு எண்ணில் விழுகிறது. குறைந்த அல்புமினுள்ள அந்தக் கூட்டத்திலும் மூவரில் இருவர் ஓராண்டைக் கடந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

ஹீமோகுளோபினும் இரும்பும். இரத்தச்சோகை இந்த நோயில் கெட்ட அடையாளம் என்பதோடு, திருத்தக்கூடிய காரணத்தையும் சில வேளை காட்டித் தருவதால், நான் இதற்குத் தனி மதிப்புக் கொடுப்பேன். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் மில்லிலீற்றருக்கு 100 நனோகிராமுக்குக் குறைந்தாலோ, 100க்கும் 299க்கும் இடையில் இருந்து, இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் இரும்பு ஏறியிருக்கும் அளவான டிரான்ஸ்பெரின் நிறைவு 20 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, இதயச் செயலிழப்பு நோயாளிக்கு இரும்புக் குறைபாடு உண்டு என்று கொள்ளப்படுகிறது. ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதும் இந்தக் குறைபாடு இருக்கலாம். வாயால் எடுக்கும் இரும்புக் குளிசை இவர்களின் உடல் உழைப்புத் திறனைக் கூட்டவில்லை என்று 2017 இல் ஒரு நல்ல ஆய்வு காட்டியது. நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு நோயாளியின் இயக்கத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் மேம்படுத்தியது, வாட்டுக்குத் திரும்பி வருவதையும் குறைத்தது. ஆகவே கூடுதலாக ஒரு பரிசோதனை செய்விக்க விரும்பினால், பெரிட்டினையும் டிரான்ஸ்பெரின் நிறைவையும் செய்விக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். அதன் விடையை வைத்து வைத்தியர் ஒரு செயலைச் செய்ய முடியும்; கலெக்டின்-3 எவ்வளவு வந்தாலும் அவர் எழுதிக்கொடுக்கும் மருந்துத் துண்டு பெரும்பாலும் மாறப்போவதில்லை.

2006 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட சியாட்டில் இதயச் செயலிழப்பு மாதிரி, 1,125 நோயாளிகளிடமிருந்து உருவாக்கப்பட்டு, வேறு ஏறத்தாழ 9,900 பேரில் பரிசோதிக்கப்பட்டது. வயது, இரத்த அழுத்தம், எக்கோ அளவு, பாவிக்கும் மருந்துகள், சிறுநீர் போகச் செய்யும் குளிசையின் அளவு ஆகியவற்றோடு அது கேட்கும் இரத்த அளவுகள் ஐந்தே: சோடியம், ஹீமோகுளோபின், வெண்குருதிக் கலங்களில் லிம்போசைட்டின் சதவீதம், யூரிக் அமிலம், மொத்தக் கொலஸ்டரோல். அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையிலோ கல்முனையிலோ மட்டக்களப்பிலோ எந்தக் கிளினிக் நோயாளிக்கும் செய்யக்கூடியவை இவை. என்டி-புரோபிஎன்பி அதில் இல்லை. வியப்பாக இருக்கலாம், இந்த நோய் முற்றிய நிலையில் கொலஸ்டரோல் குறைவாக இருப்பதுதான் கெட்ட அடையாளம். உடல் தேய்வதை அது காட்டுகிறது. எனினும், மாற்று இதயத்துக்கோ இதயத் துணைக் கருவிக்கோ பரிந்துரைக்கப்படும் அளவுக்கு முற்றியவர்களில் இந்த மாதிரி அபாயத்தைக் குறைத்து மதிப்பிட்டது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. இணையத்தில் அந்தக் கணிப்பானில் எண்களை இட்டு வரும் விடையைக் கொண்டு வீட்டாருக்கு நம்பிக்கையூட்டவோ அச்சமூட்டவோ வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ட்ரொபோனினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாரடைப்பைக் கண்டறியும் பரிசோதனை என்றே நாம் அதை அறிவோம். ஆனால் மாரடைப்பு எதுவும் இல்லாமலே, முற்றிய இதயச் செயலிழப்பில் தசைக் கலங்கள் சிறிது சிறிதாக அழிவதால் அது இரத்தத்தில் காணப்படும். மாற்று இதயத்துக்கு அனுப்பப்பட்ட 238 பேரைக் கொண்டு 2003 இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் ட்ரொபோனின் ஐ தென்பட்டது. அவர்களின் இதயம் விரைவாகத் தளர்ந்தது, இறப்பும் கூடியது. ஆகவே வாப்பாவின் அறிக்கையில் ட்ரொபோனின் சற்று உயர்ந்திருந்தால், அது இன்னொரு மாரடைப்பு என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. நெஞ்சு வலியோ, இசிஜியில் மாற்றமோ, சில மணித்தியாலங்களுக்குள் எண் கிடுகிடுவென ஏறுவதோ இருக்கிறதா என்று வைத்தியர் பார்ப்பார்.

எஸ்டி2, கலெக்டின்-3 இரண்டும் இதயத் தசை நார்த்தன்மை அடைந்து இறுகுவதோடும் அழற்சியோடும் தொடர்புடையவை. எஸ்டி2 மில்லிலீற்றருக்கு 35 நனோகிராமுக்கு மேல் இருந்தால் அபாயம் கூடுகிறது என்று கொள்ளப்படுகிறது. வயதாலும் பருமனாலும் சிறுநீரகத்தாலும் அது அதிகம் பாதிக்கப்படுவதில்லை என்பது அதன் சிறப்பு. கலெக்டின்-3 சிறுநீரகத்தைச் சார்ந்தே பெரிதும் ஏறி இறங்குவதால், என்டி-புரோபிஎன்பியும் கிரியாட்டினினும் தெரிந்த பிறகு அது கூட்டித்தருவது சிறிதே. ஆய்வுக்கு இவை நல்லவை. உங்கள் வாப்பாவுக்காகக் கொழும்புக்கு மாதிரி அனுப்பிச் செலவழிக்கும் அளவுக்கு இவற்றில் பயன் இல்லை; அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல இலத்திரனியல் தராசும் இரத்த அழுத்தக் கருவியும் வாங்குங்கள்.

எண்ணைக் குறைப்பதையே சிகிச்சையின் இலக்காக வைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அது பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. 894 நோயாளிகளைக் கொண்டு 2017 இல் வெளியான ஆய்வில், என்டி-புரோபிஎன்பியை 1,000க்குக் கீழே கொண்டுவருவதை இலக்காகக் கொண்டு மருந்தைக் கூட்டியவர்களுக்கும், எண்ணைப் பாராமல் வழமையான நல்ல கவனிப்பைப் பெற்றவர்களுக்கும் பலனில் வேறுபாடு இல்லாததால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. மாறாக, 1,078 பேரைக் கொண்டு 2022 இல் வெளியான இன்னோர் ஆய்வில், வாட்டிலிருந்து வெளியேறி இரண்டு கிழமைக்குள் மருந்துகளை முழு அளவுக்குக் கொண்டுபோய், அடிக்கடி அழைத்துச் சோதித்து, பொட்டாசியம், சிறுநீரகம், என்டி-புரோபிஎன்பி ஆகியவற்றைப் பாதுகாப்புக்காகக் கண்காணித்தபோது, 180 நாட்களுக்குள் இறப்போ மீள அனுமதியோ ஏற்பட்டது 15.2 சதவீதம்; வழமையான கவனிப்பில் 23.3 சதவீதம். மருந்தால் மேலும் இறங்கும் இரத்த அழுத்தத்தைத் தாங்காத அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு மருந்தை இவ்வளவு வேகமாகக் கூட்ட முடியாமல் போகலாம். ஆயினும் வெளியேறிய பின் வரும் முதல் கிழமைகளில் கிளினிக் நாளைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை. வயல் வேலை, கடல் வேலை, கூட வருவதற்கு ஆளில்லாமை என்று காரணங்கள் வரும். அந்த நாட்களில் மட்டுமாவது யாரேனும் ஒருவர் வேலையை விட்டு அவரோடு போக வேண்டும்.

கிளினிக்கில் இதய நோய் நிபுணரிடம் நேரடியாகவே கேளுங்கள்: நோய் முற்றிய கட்டத்துக்கு வந்துவிட்டதா, சிறப்பு இதயச் செயலிழப்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டிய நேரமா என்று. ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அனுமதி, 20 சதவீதமோ அதற்குக் குறைவோ ஆன எக்கோ அளவு, விடாமல் உயர்ந்திருக்கும் என்டி-புரோபிஎன்பி, கெட்டுவரும் சிறுநீரக அல்லது ஈரல் அறிக்கை, முன்னர் தாங்கிய மருந்தை இப்போது தாங்காமை, தாழ்ந்த இரத்த அழுத்தம், கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும் சிறுநீர்க் குளிசை ஆகியவை அந்தக் கேள்வியைக் கேட்கத் தூண்ட வேண்டிய அடையாளங்கள். இவற்றில் சில உங்கள் வாப்பாவிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இலங்கையின் முதலாவது மாற்று இதயச் சத்திரசிகிச்சை 2017 இல் கண்டியில் நடந்தது. அந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துமா என்று கேட்பதற்குச் சிறுநீரகமும் ஈரலும் நல்ல நிலையில் இருக்கும்போதே போக வேண்டும். உயர்ந்த எண்ணின் உண்மையான பயன் இங்கேதான்: கேட்க வேண்டியதைக் காலம் தாழ்த்தாமல் கேட்கச் செய்வது.

அதே அமர்வில், வாப்பாவின் விருப்பத்தையும் கேளுங்கள். மூச்சு முட்டும்போது அதைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. வலிநிவாரணப் பராமரிப்பு என்பது கைவிடுவதாகாது, இதய மருந்துகளோடு சேர்த்தே அதைத் தொடங்கலாம். எங்கே இருக்க விரும்புகிறார், இயந்திர உதவி வேண்டுமா வேண்டாமா, எதை முடித்துவைக்க நினைக்கிறார் என்பவற்றை அவர் தெளிவாகப் பேசக்கூடிய நாட்களில் பேசிவிடுவது நல்லது. 8,400 என்ற எண்ணை அவரிடம் சொல்ல வேண்டுமா என்றும் நீங்கள் தயங்குவீர்கள். அவர் கேட்டால், நோய் கடுமையானது என்பதை மறைக்காதீர்கள். மாதக் கணக்கைச் சொல்லாதீர்கள், ஏனெனில் அது யாருக்கும் தெரிந்த விடயம் அல்ல. நோன்பு நெருங்கும்போது, பகல் முழுதும் நீரின்றி இருப்பது யூரியாவையும் கிரியாட்டினினையும் உயர்த்துமா, குளிசை நேரங்களை எப்படி மாற்றுவது என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை உங்களுக்குத் தெரிந்ததே.

நாளை முதல் செய்யக்கூடியது: ஒரு கொப்பியில் திகதி, எடை, இரத்த அழுத்தம், சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியாட்டினின், அல்புமின், ஹீமோகுளோபின், என்டி-புரோபிஎன்பி என்று வரிசை போட்டு, பழைய அறிக்கைகளிலிருந்தே எண்களையும் அவற்றின் அலகுகளையும் எழுதுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பின், உண்பதற்கு முன், ஒரே அளவு உடையோடு ஒவ்வொரு நாளும் எடை பாருங்கள். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால், கால் வீங்கும் வரையோ மூச்சு முட்டும் வரையோ காத்திருக்காமல், அந்தக் கொப்பியையும் பாவிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.